கணிதத்துக்கும் ஊரில் ஒரு விழா வேண்டும்

ஆசிரியருக்கு,

மார்ச் 14 சர்வதேச கணித தினம். யுனெஸ்கோ 2019இல் அறிவித்தது, அடுத்த ஆண்டிலிருந்து பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். வன்னியில் அதைப் பாடசாலை மதிலுக்கு வெளியே, ஊர் விழாவாக எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போட்டி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போட்டியில் ஏற்கெனவே கணக்கு வரும் பிள்ளைதான் மேடை ஏறும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் கோட்டை விட்டுவிட்டு, நமக்கு இது சரிவராது என்று ஒதுங்கிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விழா அவர்களுக்காகத்தான். அன்றைக்குப் புள்ளியும் வேண்டாம், பரிசும் வேண்டாம்.

எங்கள் மேசன்மார் அத்திவாரத்துக்குக் கயிறு கட்டுவதைப் பாருங்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி போடுவார்கள். இரண்டு குறிக்கும் இடையில் சரியாக 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. கூடினாலோ குறைந்தாலோ கயிற்றை நகர்த்திக் கட்டுவார்கள். பிள்ளைகள் பாடமாக்கும் பைதகரஸ் தேற்றம்தான் அங்கே வேலை செய்கிறது. சனசமூக நிலைய முற்றத்தில் ஒரு மேசன் அண்ணை இதைச் செய்து காட்டட்டும். கணித ரீச்சர் பக்கத்தில் நின்று ஏன் அப்படி வருகிறது என்று விளக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் சில்லும் தாச்சியும் நூலும் போதும். சுற்றளவைக் குறுக்களவால் வகுத்தால் எந்த வட்டத்துக்கும் மூன்றுக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். அதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்!

சிறுபோகப் பயிர்ச்செய்கைக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று கமக்காரர் பேசுவதும் மார்ச் மாதத்தை ஒட்டித்தான். அந்தக் கணக்கையும் பிள்ளைகள் முன்னால் போட்டுப் பார்க்கலாமே.

பெரிய செலவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் அன்றைக்கு ஆளுக்கொரு கிராமத்துக்கு வந்தாலே பெரிய உதவி. கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இப்போதே பேசத் தொடங்கினால் வரும் மார்ச்சுக்குள் செய்துவிடலாம். உங்கள் பத்திரிகையும் அந்த வாரம் ஊர்க்கணக்குகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கித் தர வேண்டும்.

வாசகி,
விசுவமடு.