மலைக்கோயில் என்றால் மூடுபனி மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வரலாற்றுக் கதைகளில் பௌத்த மலைக்கோயில் வந்தாலே மூடுபனி, மணியோசை, கண்மூடிய துறவி என்று முடித்துவிடுகிறார்கள். படிக்க ஆற்றாமையாக இருக்கிறது. ஜப்பானின் ஹியெய் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 788இல் சைச்சோ என்ற துறவி தொடங்கிய என்ரியாகுஜி கோயில் அங்கேதான் இருக்கிறது. அடிவாரத்தில் கியோட்டோ, சில ஆண்டுகளிலேயே தலைநகரமான ஊர். கேட்டது கிடைக்காவிட்டால் ஆயுதம் ஏந்திய துறவிகள் தெய்வப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு நகருக்குள் இறங்கிவிடுவார்கள், அரசவையே நடுங்கும். 1571இல் ஒடா நொபுனாகா என்ற போர்த்தலைவர் அந்த மலையைக் கொளுத்தினார். பெண்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை.

அங்குள்ள முதன்மை மண்டபத்தில் கருவறைத் தரை பக்தர்கள் அமரும் இடத்தைவிடப் பல அடி தாழ்வு. அதனால் விளக்குகள் நம் கண்மட்டத்தில் எரியும். சைச்சோ ஏற்றியதாகச் சொல்லப்படும் சுடர் அது. 1571 தீயோடு போயிருக்க வேண்டியது. நல்லவேளை, வடக்கே யமதெரா என்னும் மலைக்கோயிலுக்கு முன்பே அதைப் பகிர்ந்திருந்தார்கள். அப்புறம் அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அந்தச் சுடரைச் சுமந்து வந்தவர்களின் பயணம் ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும்!

நம் எழுத்தாளர்கள் இப்படிப்பட்ட இடங்களின் அரசியலையும் அன்றாடத்தையும் எழுத வேண்டும். உங்கள் ஞாயிறு இணைப்பில் அதற்கு இடம் தாருங்கள்.

- வாசகர், திருச்சி