மீசை போன இடத்தில் பூனைக்கண்

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய படங்களை மீண்டும் எடுப்பதே வீண்வேலை என்று சென்ற இதழ்க் கட்டுரை அடித்துச் சொல்கிறது. அதற்குச் சாட்சியாக ‘தில்லு முல்லு’வை இழுத்திருப்பதுதான் வேடிக்கை. 1981இல் கே.பாலசந்தர் எடுத்த அந்தப் படமே, 1979இல் ஹிருஷிகேஷ் முகர்ஜி இந்தியில் எடுத்த ‘கோல்மால்’ படத்தின் மறு ஆக்கம். மறு ஆக்கமே ஆகாது என்றால், தேங்காய் சீனிவாசன் நடித்த முதலாளி ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி நமக்குக் கிடைத்திருப்பாரா?

அதே பெயரில் 2013இல் பத்ரி மறுபடி இயக்கி சிவா நடித்த படம் எடுபடவில்லை என்பதில் எனக்கும் கட்டுரையாளருக்கும் சண்டையில்லை. ரஜினி இல்லாததுதான் குறை என்கிறாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. மீசை இல்லாததுதான் குறை.

பழைய முதலாளிக்கு மீசை இல்லாதவனைக் கண்டாலே ஆகாது. கால்பந்து ஆட்டத்தில் அவர் கண்ணில் பட்டுவிட்ட சந்திரன் (ரஜினி), மாட்டிக்கொள்ளாமல் இருக்க மீசையில்லாத தம்பி ஒருவனைக் கற்பனையில் பெற்றெடுக்கிறான். பிறகு அந்தத் தம்பியாகவும் நடிக்கத் தன் மீசையையே மழித்துவிட்டு, அலுவலகத்துக்கு ஒட்டுமீசையோடு போகிறான். அது எப்போது கழன்று விழுமோ என்ற பதைப்பு ஒருபுறம். உதட்டுக்கு மேலிருக்கும் முடியை வைத்து ஆளை எடைபோடும் பெரியவரின் பிடிவாதம் மறுபுறம். எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் இந்த நகைச்சுவைக்கு விளக்கவுரை தேவையில்லை. கருப்பசாமிக்கே முறுக்கு மீசை வைத்துக் கும்பிடுகிறோம். கீழக்கரையிலும் தொண்டியிலும் தாடி வளர்த்து, மீசையை ஒட்டக் கத்தரித்த பெரியவர்களுக்கும் அதே மரியாதைதான். முறுக்கு மீசைக்காரரும் மீசை கத்தரித்தவரும் ஒரே பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்து வருகிறார்கள். இங்கே ஒருவர் வந்து, மீசையில்தான் எல்லாம் இருக்கிறது என்று அடம்பிடித்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

புதிய படத்தில் தம்பியின் அடையாளம் பூனைக்கண். லென்ஸ் போட்டால் ஒருவன், கழற்றினால் இன்னொருவன். ஆள் வேறுபாடு தெரிகிறது, சரி. ஆனால் பூனைக்கண்ணின் மேல் நம் ஊரில் யாருக்கு என்ன கௌரவம் தொங்குகிறது? லென்ஸ் போடுகிறவன் எதையும் இழப்பதில்லை. பிரகாஷ்ராஜ் எவ்வளவு உழைத்தும் அந்த முதலாளி நிற்கக் காலில்லாமல் தவிக்கிறார். யுவன் சங்கர் ராஜாவோடு எம்.எஸ்.விஸ்வநாதனையே மறுபடி அழைத்துவந்த அக்கறையில் பாதியைக் கதைக்கும் காட்டியிருக்கலாம்.

பழையதை விரும்புவது வயதானவர்களின் ஏக்கம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, எங்கள் பக்கத்தில் வலை சீர்செய்யும் இளைஞர்கள் டிவியில் பார்ப்பது 1981 படத்தைத்தான். அழுகை வேடங்களிலேயே பார்த்துப் பழகிய சௌகார் ஜானகி, சந்திரனின் இல்லாத தாயாக வந்து அடிக்கும் கூத்துக்கு வேலையை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள்.

கட்டுரையாளர் அடுத்த முறை ‘பில்லா’வையும் கணக்கில் சேர்க்கட்டும். 1980இல் வந்த ரஜினி படமும் இந்தி ‘டான்’ படத்தின் மறு ஆக்கம்தான். அதை 2007இல் விஷ்ணுவர்தன் அஜித்தை வைத்து, மலேசியாவுக்குக் கொண்டுபோய் எடுத்தார். நன்றாகவே ஓடியது.

இப்படிக்கு,
வாசகர், தேவிபட்டினம்