வெயிலில் வேலை செய்யும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"சிங்கப்பூர்ல எப்பவும் இதே வெயில்தானேக்கா, இதுல புதுசா என்ன இருக்கு?" என்று போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கேட்டாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது. உன் அறையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பதிலை இங்கே எழுதுகிறேன்.

வெயில் புதிதில்லை, சரி. ஆனால் பருவநிலை மாற்றத்தால் பூமியே சூடாகிக்கொண்டு வருகிறது. 2023 மே 13 அன்று இங்கே அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அதற்கு முன் இந்த ஊர் அந்த அளவைத் தொட்டது 1983இல். எனக்கு அந்த எண்ணைவிடப் பயம் தருவது காற்றின் ஈரம். வியர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழியும், காயாது. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மதியம் கான்கிரீட் போடும்போது சட்டை தொப்பலாக நனைந்தும் உனக்கு உடம்பு கொதிப்பது இதனால்தான்.

உங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தையே எடுத்துக்கொள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகுதானே கடன் வாங்கி இங்கே வந்தாய்? அந்த ஒரு புயலுக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடல் சூடாகச் சூடாகப் புயல்களுக்கு வலு கூடுகிறது. 2022இல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்கள் உலகம் முழுக்க 240 கோடிப் பேர் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு.

பூமியை இப்படிச் சூடாக்கும் புகையை எல்லாம் விட்டது உன் குடும்பமா? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கடல் மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று இங்கே கணித்திருக்கிறார்கள். கரையைக் காக்க நூறு ஆண்டுகளில் 10,000 கோடி சிங்கப்பூர் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019இலேயே அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். செலவு செய்யட்டும், வேண்டியதுதான். ஆனால் அந்தத் தடுப்புகளைக் கட்டப்போவதும் வெயிலில் நிற்கும் உன்னைப் போன்ற பிள்ளைகள்தானே!

அதனால் ஒன்றைக் கேட்டுக்கொள். சூடு, ஈரம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு ஒன்று இருக்கிறது. அது 32 டிகிரியைத் தொட்டால், கடினமான வேலை செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். 33ஐத் தொட்டால் 15 நிமிடம். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த விதி இது. சூப்பர்வைசர் முகம் சுளிப்பாரே என்று தயங்காதே. நீ கேட்பது சலுகை இல்லை.

புதிதாக வந்த பையன்களுக்கு முதல் வாரம்தான் ஆபத்து. உடம்பு இந்தச் சூட்டுக்கு இன்னும் பழகியிருக்காது. யாராவது தலை சுற்றுகிறது என்றாலோ, பேச்சு குழறினாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீரை ஊற்றுங்கள். ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா