பிரிக்காமல் வைத்த கடிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளிதழ்களின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் திவால் வழக்கு அறிவிப்புகள் வருமே, அவற்றை யாராவது வாசிக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் 2016-லிருந்து வாசித்துக்கொண்டு வருகிறேன். நம்மவர் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்குப் பூரா மனசு சரியாக இருக்காது. காரணம், என் தம்பியின் பெயரும் அப்படி ஒரு மூலையில் வந்ததுதான். அவன் அதைப் பார்க்கவில்லை, நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

தம்பி அப்போது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மாசாயில் இருந்தான். தினமும் விடியற்காலை நான்கரை மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவான். ஜொகூரில் இருப்பவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் குடிநுழைவு அதிகாரி அவனை ஓரமாக நிற்கச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து, நீங்கள் திவாலானவர், நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்றார். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயிருந்து எனக்குப் போன் போட்டான். "அக்கா, ஏதோ தப்பு நடந்துபோச்சு, நான் யாருக்கும் கடன் கொடுக்க வேண்டியதில்லையே" என்றான். உண்மையிலேயே அவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

கடன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு காரிலிருந்து. 2009-ல் ஒன்பது வருடத் தவணையில் வாங்கினான், 2012-ல் வேலை போனது, இரண்டு மூன்று மாதம் தவணை கட்டவில்லை, ஆட்கள் வந்து காரை இழுத்துக்கொண்டு போனார்கள். கார் போனால் கடனும் போச்சு என்று அவன் நினைத்தான். அவன் மட்டுமா, எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான் நினைத்தோம். வங்கி அந்தக் காரை ஏலத்தில் 21 ஆயிரம் ரிங்கிட்டுக்கு விற்றது, கட்ட வேண்டிய பாக்கியோ 49 ஆயிரம். மீதி 28 ஆயிரமும் அவன் தலையில்தான் இருந்தது. அதன் மேல் வட்டி, வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்தது. அந்தக் காலத்தில் 30 ஆயிரம் ரிங்கிட் கடன் இருந்தாலே ஒருவரைத் திவாலாக்க முடியும். அந்தக் கோட்டைத் தாண்ட ரொம்ப நாள் ஆகவில்லை.

கடிதங்கள் வரத்தான் செய்தன. கொஞ்சம் பழைய வாடகை வீட்டுக்குப் போயின. கொஞ்சம் கூலாயில் என் வீட்டுக்கே வந்தன, ஏனென்றால் அடையாள அட்டையில் அவன் கொடுத்திருந்த முகவரி என்னுடையது. நான் அவற்றை அலமாரியின் மேல், சாமி படத்துக்குப் பக்கத்தில், அப்படியே பத்திரமாக வைத்தேன். தம்பி வரும்போது கொடுப்பேன், அவன் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவான். ஒன்றைக்கூட நாங்கள் பிரித்துப் படிக்கவில்லை. எங்கள் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர், யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவர். அவருடைய பிள்ளைகள் நாங்கள் கடிதத்தைப் பார்த்துப் பயந்தோம். இதை எழுதுவதற்கு எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நம்முடைய எத்தனையோ வீடுகளில் இந்த நிமிடமும் அலமாரி மேல் அப்படிச் சில கடிதங்கள் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கார் போன அந்த 2012-ல் ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை நிறுவனம் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் அமைத்தது அது. ஆலோசனைக்கு ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. வேலை போன மாதமே தம்பி அங்கே போயிருந்தால் வங்கியோடு பேசித் தவணையைக் குறைத்திருக்கலாம், இல்லாவிட்டால் காரை நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்க வழி பார்த்திருக்கலாம். கார் போன பிறகு போயிருந்தால்கூட அந்த 28 ஆயிரத்தை மாதம் இவ்வளவு என்று கட்ட ஏற்பாடு செய்ய முயன்றிருக்கலாம். அப்படி ஓர் இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்போமா என்றால், அதையும் உண்மையாகச் சொல்கிறேன், போயிருக்க மாட்டோம். நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்ற பயம்தான்.

அந்தப் பயத்தில் நாங்கள் வேறு என்ன செய்தோம் தெரியுமா? என் ஆறு பவுன் நகையை அடகுக்கடையில் வைத்தேன். தம்பி ஒரு கூட்டில், அதாவது சீட்டுப் பிடிக்கும் குழுவில், சேர்ந்து முதல் சீட்டையே எடுத்தான். இதெல்லாம் வீட்டு வாடகைக்கும் மற்ற சில்லறைக் கடன்களுக்கும் போனது, கார் கடன் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. யாருக்கு எவ்வளவு, எதை முதலில் கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. தெருவிளக்குக் கம்பங்களில் போன் நம்பரோடு ஒட்டியிருக்கும் ஆ லோங் என்கிற உரிமம் இல்லாத வட்டிக்காரர்களின் ஸ்டிக்கர்கள் பக்கம் அவன் போகாமல் இருந்தது ஒன்றுதான் ஆறுதல். அங்கே போயிருந்தால் கதை இன்னும் மோசமாகியிருக்கும், அந்தக் கடனுக்கு ஏகேபிகேயாலும் ஒன்றும் செய்ய முடியாது, போலீஸில்தான் புகார் கொடுக்க வேண்டும்.

திவாலானவர் வெளிநாடு போக அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம், தம்பியும் விண்ணப்பித்தான். ஆனால் சிங்கப்பூர் முதலாளி அதுவரை காத்திருக்கவில்லை, வேலை போனது. வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளவும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2023-ல் 50 ஆயிரம் ரிங்கிட்டுக்குக் குறைந்த கடனால் திவாலானவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு என்று அரசாங்கம் அறிவித்ததே, அதில்தான் அவனுக்கு விடுதலை கிடைத்தது. முப்பத்தாறு வயதில் நின்றுபோன வாழ்க்கையை நாற்பத்து நான்கு வயதில் மறுபடி தொடங்கினான்.

அப்புறம் என் மகன் விஷயம். ஹோட்டலில் வேலை பார்த்தான், கோவிட் வந்ததும் சம்பளம் பாதியானது, பிறகு கொஞ்ச காலம் வேலையே இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் வங்கிகள் கடன் தவணைகளைத் தள்ளிவைத்தன, ஆனால் கிரெடிட் கார்டு பாக்கி அப்படித் தானாகத் தள்ளிப்போகவில்லை. இரண்டு கார்டு வைத்திருந்தான், ஒன்றில் காசு எடுத்து மற்றதற்குக் கட்டினான். மாதம் ஐந்து விழுக்காடு மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், வருடத்துக்கு 18 விழுக்காடு வரை வட்டி போடும் கார்டில் அப்படிக் கட்டினால் முதல் ரொம்ப மெதுவாகத்தான் குறையும். மொத்தம் 38 ஆயிரம் ஆகிவிட்டது. அந்தத் தீபாவளியன்று அவன் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தான், மணி அடித்தால் முகம் மாறியது. தம்பியிடம் பார்த்த அதே முகம். இந்த முறை நான் விடவில்லை. வழக்கு எதுவும் வருவதற்கு முன்பே, 2021 ஜனவரியில், ஏகேபிகேயில் நேரம் வாங்கி அவனை உட்கார வைத்தேன்.

அங்கே யாரும் திட்டவில்லை, "ஏன் இவ்வளவு செலவு செய்தீர்கள்" என்று கேட்கவில்லை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், கடன் பாக்கிக் கடிதங்கள், ஒருவருக்கு எந்த வங்கியில் எவ்வளவு கடன் என்று காட்டும் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கை எல்லாவற்றையும் வைத்து வாடகை, பால் மாவு, பெட்ரோல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். கையில் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தகுந்தபடி வங்கிகளிடம் பேசினார்கள். வட்டி குறைந்தது, காலம் நீண்டது, இரண்டு கார்டுக்கும் சேர்த்து மாதம் ஒரே தொகை. அவன் அன்று இரவுதான் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினான் என்று மருமகள் சொன்னாள்.

இதில் கஷ்டமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கார்டுகளை வெட்டிவிட வேண்டும், திட்டம் முடியும்வரை புதுக் கடன் எடுக்க முடியாது. தவணையை ஒழுங்காகக் கட்டாமல் விட்டால் ஏற்பாடு கலைந்துவிடும், வங்கி மறுபடி பழைய வழிக்குத் திரும்பும். மாதாமாதம் கட்ட ஓரளவாவது வருமானம் மிஞ்சினால்தான் இந்தத் திட்டத்திலேயே சேர முடியும். வழக்கு ரொம்ப தூரம் போய்விட்டாலோ திவால் ஆணையே வந்துவிட்டாலோ அவர்களால் சேர்த்துக்கொள்ள முடியாது. அதனால்தான் சீக்கிரம் போங்கள் என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறேன். சம்பளம் வந்தும் தவணைக்குக் காசு பற்றாத முதல் மாதம்தான் சரியான நேரம், தவணை நிற்க வேண்டும் என்றுகூட இல்லை.

இப்போது சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது. ஒருவரைத் திவாலாக்கும் கடன் வரம்பு 2017-ல் 50 ஆயிரமானது, 2021-லிருந்து ஒரு லட்சம் ரிங்கிட். பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ உறவினரின் வீட்டுக் கடனுக்கோ காசு வாங்காமல் ஜாமீன் நின்றவரை 2017-க்குப் பிறகு திவாலாக்க முடியாது. இதைக் கேட்டுவிட்டு "என் கடன் அறுபதாயிரம்தானே, ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன், எனக்குப் பதறுகிறது. ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கலாம், வங்கிக் கணக்கில் இருப்பதை முடக்கலாம். தவிர, கட்டாத கடன் அறுபதாயிரத்திலேயே நின்றுகொண்டிருக்காது.

திவால் நோட்டீஸ் கைக்கு வந்தவர்களுக்கு ஏழு நாள்தான் அவகாசம். அதற்குள் கடனைக் கட்ட வேண்டும், ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அல்லது எதிர்த்துப் போக வேண்டும். அந்த ஏழு நாளில் ஐந்து நாளை யாரிடம் சொல்வது என்று யோசித்தே வீணாக்காதீர்கள். அடுத்த நாளே ஒரு வக்கீலைப் பாருங்கள், வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். திவால் ஆணை வருவதற்கு முன்னால் கடன் கொடுத்தவர்களோடு தானாக முன்வந்து ஓர் ஏற்பாட்டுக்குப் போக 2017-லிருந்து சட்டத்தில் வழி உண்டு, அதைப் பற்றியும் கேளுங்கள். இன்னொன்று, ஊழியர் சேமநிதியில் இருக்கும் பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் பறிமுதல் செய்ய முடியாது. ஆலோசனை கேட்காமல் பயத்தில் அதை வழித்தெடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறமும் திவாலாகி, வயதான காலத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவர்களை எனக்குத் தெரியும். ஏகேபிகேயின் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை நம்பவே நம்பாதீர்கள். அவர்களுக்கு ஏஜென்ட் யாரும் கிடையாது, நேராக அவர்களுடைய அலுவலகத்துக்கோ இணையத்தளத்துக்கோதான் போக வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பக்கத்தில் மாதம் ஒரு முறை ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, கடனில் சிக்கியவர் எங்கே போக வேண்டும், என்ன தாள்களை எடுத்துப் போக வேண்டும் என்று தமிழில் போடுங்கள். மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தாலும், கடன் கடிதத்தை அவர்களிடம் காட்ட நம் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். தைப்பூசத்துக்கு இரத்தப் பரிசோதனைக்குப் பந்தல் போடுகிறோம், அதன் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் கடன் ஆலோசகர் ஒருவரை உட்கார வைக்கக் கோயில் நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யலாம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுக்கலாம். என் தம்பிக்கு நடந்ததுபோல் நோட்டீஸைப் பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டு, நாளிதழில் ஒரு மூலையில் போட்டதோடு விட்டுவிடுவது இனி யாருக்கும் நடக்கக் கூடாது. எல்லார் கையிலும் போன் இருக்கும் இந்தக் காலத்தில், ஒருவர் திவாலாகப் போகிறார் என்பதை அவருடைய போனுக்கே சொல்ல முடியாதா?

கூலாய், மாசாய் பக்கம் இருப்பவர்கள் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நான் கூட வருகிறேன். ஆசிரியரிடம் என் முகவரி இருக்கிறது. பிரிக்காத கடிதங்களையும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து ஒன்றாகப் பிரித்துப் படிப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராணி மகள்,
கூலாய், ஜொகூர்