குட்டை முயல் வாங்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வண்ணமீன்களுக்குப் பெயர்பெற்ற கொளத்தூரில் நடைபெறும் நம் கடைக்கு, அண்மைக் காலமாக மீனைவிடக் குட்டை முயலைக் கேட்டு வருபவர்களே அதிகம். பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, இராயபுரம் எனப் பல பகுதிகளிலிருந்து வரும் நீங்கள் திரும்பத் திரும்ப மூன்று கேள்விகளைக் கேட்கிறீர்கள். “இது இதற்கு மேல் வளராது” என்று எழுதித் தர நாங்கள் ஏன் மறுக்கிறோம்? எட்டு வாரம் நிறையாத குட்டியை ஏன் தருவதில்லை? கத்திரி வெயில் நாள்களில் முயல் விற்பனையை ஏன் நிறுத்திவிடுகிறோம்? கடையில் நின்றபடி சொல்லி முடிக்க இயலாத விடைகள் இவை என்பதால் எழுத்தில் தருகிறோம்.

உண்மையான நெதர்லாந்து குட்டை முயல் முழு வளர்ச்சி அடைந்த பின்னும் ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான் இருக்கும். தொங்கு காதுள்ள ஹாலந்து லாப் ஒன்றே முக்கால் கிலோ வரை வளரலாம். ஆனால் ஐந்து வார வயதில் எந்த இனத்து முயல்குட்டியும் சிறிதாகத்தான் தெரியும். கொடைக்கானலை அடுத்த மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களின் குட்டிகளும் அந்த வயதில் அப்படித்தான் இருக்கும். வளர்ந்த பிறகோ அவை நான்கு கிலோவைத் தாண்டும். குட்டை முயல் என்று நம்பி வாங்கியது ஆறே மாதத்தில் கூண்டை அடைத்துக்கொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பெற்றோர் இரண்டும் அசல் குட்டை இனமாக இருந்தாலும்கூடக் குட்டியின் அளவுக்கு உறுதி கூற முடியாது. உருவத்தைக் குறுக்கும் மரபணு தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குட்டி குட்டையாக வளரும். இருவரிடமிருந்தும் வந்தால் அந்தக் குட்டி சில நாள்களிலேயே இறந்துவிடும். இருவரிடமிருந்தும் வராவிட்டால் உடன்பிறந்தவற்றைவிட நீண்ட காதும் பெரிய உடலுமாக வளரும். சராசரியாக நான்கில் ஒன்று இறக்கும், இரண்டு குட்டையாகும், ஒன்று பெரிதாகும். ஆகவே நாங்கள் உறுதிமொழி எழுதித் தருவதில்லை. அதற்குப் பதிலாகத் தாயையும் தந்தையையும் காட்டி, உங்கள் கண்ணெதிரே எடை போட்டுக் காட்டுகிறோம். வேறு எங்கு வாங்கினாலும் இவ்வளவையும் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது பல். முயலின் முன்பற்கள் வாரத்திற்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலாக வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசித் தேய்வதால்தான் அளவில் நிற்கின்றன. குட்டை முயலுக்கு முகம் குறுகியது என்பதால் தாடை பொருந்தாமல் போகும் குறை பிற இனங்களைவிட இவற்றில் அதிகம். உதட்டை மெதுவாக விலக்கிப் பார்த்தால் மேல்பல் கீழ்ப்பல்லைச் சற்று மூடியபடி நேராக இருக்க வேண்டும். பல் விலகி வளர்ந்துவிட்டால் நகவெட்டியால் நீங்களே வெட்டிவிடக் கூடாது. பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை சீழ் பிடித்துவிடும். அடுத்து முன்னங்கால்களின் உட்புறத்தைப் பாருங்கள்: அங்கே முடி சடைபிடித்திருந்தால் அந்தக் குட்டி ஒழுகும் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது என்று பொருள். காதினுள் தவிட்டு நிறத்தில் செதில் இருந்தால் சிற்றுண்ணி. பின்புறம் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் அந்தக் குட்டி வேண்டாம், எவ்வளவு அழகாயிருந்தாலும்.

வயதைப் பொறுத்தவரை எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. தாய்ப்பாலிலிருந்து புல்லுக்கு மாறும் வாரங்களில் முயலின் குடல் மிகவும் நொய்மையானது; அந்த நேரத்தில் இடமும் தீனியும் ஒருங்கே மாறினால் வயிற்றுப்போக்கில் ஓரிரு நாளில் குட்டி இறந்துவிடக்கூடும்.

தீனியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களிடம் கொண்டுவரப்படும் நலிந்த முயல்களில் பெரும்பாலானவை அன்போடு தவறாக ஊட்டப்பட்டவை. முயல் உண்பதில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். அது பகலும் இரவும் கூண்டில் தீராமல் இருக்க வேண்டும். பல் தேய்வதும் குடல் நகர்வதும் நார்ச்சத்தைச் சார்ந்தே இருக்கின்றன. எங்களிடம் விற்கும் உலர்புல்லையே வாங்க வேண்டும் என்பதில்லை. பூக்காரர்களிடம் கிடைக்கும் அருகம்புல்லை அலசி, நீர் வடித்துக் கொடுத்தாலும் மிக நன்று. நாய்கள் திரியும் சாலையோரப் புல்லும், மருந்து தெளித்த புல்லும் வேண்டாம். வைக்கோல் படுக்கைக்கு ஏற்றது, உணவாக அதில் சத்துப் போதாது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் ஆறு மாத வயது வரை தரலாம், அதன்பின் சிறுநீர்ப்பையில் கசடு சேரும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை தினமும் ஒரு கைப்பிடி தரலாம். கேரட்டில் இனிப்பு அதிகம். இரண்டு விரல் அகலத்துண்டு, அதுவும் எப்போதாவது. தீனிக் குச்சி (பெல்லட்) முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும். சோறு, பிஸ்கட், ரொட்டி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவை அறவே கூடாது.

அதிகாலையில் முயல் தன் பின்புறத்திலிருந்து மென்மையான, கொத்தாக ஒட்டிய புழுக்கையை எடுத்து உண்பதைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள். அது நோயன்று, குடலில் நுண்ணுயிர்கள் ஆக்கித் தரும் புரதத்தையும் வைட்டமினையும் முயல் இவ்வாறுதான் பெறுகிறது. அஞ்ச வேண்டியது வேறொன்று: பன்னிரண்டு மணி நேரம் எதுவும் உண்ணாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் நின்றுவிட்டது என்று கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வடசென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. வீட்டில் நாய்க்கென்று வாங்கிவைத்த ஃபிப்ரோனில் உண்ணி மருந்தை முயலுக்குப் பூசாதீர்கள். அது முயலைக் கொல்லக்கூடியது. அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தாலும் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்க நேரும்.

இனி வெயில். முயலுக்கு இதமான வெப்பம் 15 முதல் 20 டிகிரி. 30 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கும். முயலுக்கு வியர்ப்பதில்லை, காதுகளின் இரத்தக் குழாய்கள் வழியாகவே வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றுகிறது, குட்டை முயலுக்கோ காதும் சிறியது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊரில், கடற்காற்றின் புழுக்கமும் சேர, மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழ் வைத்த கூண்டு ஒரே பிற்பகலில் முயலைக் கொன்றுவிடும். தரைத்தளத்தில் காற்றோட்டமுள்ள அறை, படுக்க ஒரு தரை ஓடு (டைல்ஸ்), துணி சுற்றிய ஐஸ் பாட்டில், குளிர்ந்த குடிநீர் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். நண்பகலில் குளிர்சாதன வசதி இருந்தால் நல்லது. முயல் நீட்டிப் படுத்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் காதுகளைத் தண்ணீரால் நனைத்துவிட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டி நீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே இறந்துவிடும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த புல்லைத் தூக்கி எறியுங்கள். இரவில் பெருச்சாளியும் பூனையும் நுழையாத இடமும் வேண்டும்.

ஆணும் பெண்ணுமாகச் சோடி கேட்பவர்கள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நான்கு மாதத்திலேயே அவை பருவமடைந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி போட்ட அன்றே மீண்டும் சினைப்படவும் கூடும். கருத்தடை அறுவைக்கு ஆயத்தமாக இருப்பவர்களுக்கு மட்டுமே சோடியாகத் தருகிறோம். பெண் முயலுக்கு வயது ஏறும்போது வரும் கருப்பைப் புற்றையும் அந்த அறுவை தடுக்கும்.

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் முயலைத் தூக்கும் வேலை பெரியவர்களுடையதாக இருக்கட்டும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை மார்பிலும் மறு கை பின்தொடையிலுமாகத் தாங்க வேண்டும். பிடி நழுவி முயல் உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் அளவுக்கு அதன் பின்னங்கால்கள் வலியவை, எலும்புகளோ மெல்லியவை. கம்பித் தரையுள்ள கூண்டில் பாதம் புண்ணாகும் என்பதால் அதன் மேல் பாய் அல்லது பலகை இடுங்கள். குளிப்பாட்ட வேண்டியதில்லை.

நன்றாகப் பேணினால் குட்டை முயல் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வாழும். இடையில் வீடு மாறினாலோ, வளர்க்க இயலாமல் போனாலோ, பூங்காவிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடாதீர்கள்; வீட்டில் பிறந்த முயலுக்கு வெளியில் பிழைக்கத் தெரியாது, ஓரிரு நாளில் நாய்க்கு இரையாகும். எந்த வயதிலும், எந்த நிலையிலும் எங்களிடம் கொண்டுவந்து ஒப்படையுங்கள். கட்டணம் ஏதும் கேட்கமாட்டோம், காரணமும் கேட்கமாட்டோம். இப்போது முன்பதிவு செய்துள்ளவர்களுக்குக் கத்திரி முடிந்து வெப்பம் தணிந்த பிறகே குட்டிகள் வழங்கப்படும். அதுவரை விரும்பிய மாலைப்பொழுதில் கடைக்கு வந்து தாய் முயலையும் குட்டிகளையும் பார்த்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்,
கொளத்தூர், சென்னை.