சேலத்துச் சிறுவர் கதை எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே, வணக்கம்.

ஏற்காடு அடிவாரத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறவள் எழுதுகிறேன். உங்கள் கதைகளில் பேசும் யானை இருக்கிறது, பறக்கும் ஆமை இருக்கிறது. இரண்டு அம்மாக்களிடம் வளரும் பிள்ளை இல்லை. திருநங்கை அம்மாவின் பிள்ளையும் இல்லை. கேட்டால், "நம்ம ஊர்ல அப்படி யாருங்க இருக்கா?" என்கிறீர்கள்.

பிரித்திகா யாஷினி சேலத்துக்காரர்தானே? 2015-ல் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கி, காவல் உதவி ஆய்வாளர் ஆன திருநங்கை. அந்தச் செய்தியை நாமெல்லாம் கொண்டாடினோம். அப்புறம் அவர் குழந்தை தத்தெடுக்க விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள், அதற்கும் நீதிமன்றம் போனார். அது நம் காதில் அவ்வளவாக விழவில்லை.

தன்பாலின உறவு குற்றமில்லை என்று 2018-ல் ஆயிற்று. ஆனால் 2023 அக்டோபரில் தன்பாலின இணையரின் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. சேர்ந்து தத்தெடுக்கவும் வழி பிறக்கவில்லை. ஆக, வீட்டில் இரண்டு அம்மா இருந்தாலும் காகிதத்தில் ஒருவர்தான். பிள்ளைக்குச் சட்டமா தெரியும்? ரேங்க் கார்டில் எந்த அம்மா கையெழுத்துப் போட்டால் டீச்சர் ஒத்துக்கொள்வார் என்பதுதான் அதன் கவலை. (மதிப்பெண் குறைந்திருந்தால், எந்த அம்மாவிடம் நீட்டினால் அடி குறையும் என்பதும்.)

இதைக் கதையாக்கச் சொன்னால் உடனே ஒரு கண்ணீர்க் கதை வரும். முதல் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஏளனம் செய்வார், கடைசிப் பக்கத்தில் திருந்துவார். தயவுசெய்து வேண்டாம். அதில் பிள்ளைக்கு வேலையே இல்லை, பெரியவர்களின் வழக்குக்குச் சாட்சியாக நிற்பதைத் தவிர.

ஒரு அம்மா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர். இன்னொரு அம்மா ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர். மகள், ஒருவரிடம் காசு வாங்கித் தட்டுவடை செட் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மற்றவரிடமும் வாங்குகிற கில்லாடி. ஒருநாள் இரண்டு பேரும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதுதான் எனக்கு வேண்டிய கதை. இரண்டு அப்பாக்கள், பிள்ளையோடு ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் இன்னொரு கதை. இருபது கொண்டை ஊசி வளைவு. யார் மடியில் வாந்தி என்பதற்கே இரண்டு பக்கம் போகும்.

"அப்பா எங்கே?" என்று கதையில் யாராவது கேட்கட்டும். "எங்க வீட்ல ரெண்டு அம்மா." "சரி, பந்தை எடுத்துட்டு வா." அவ்வளவு போதும், பிள்ளைகள் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அம்மாக்களைத் தெய்வமாக்காதீர்கள், திட்டட்டும், சோற்றை அடிப்பிடிக்க விடட்டும். படம் வரைகிறவர்களிடமும் சொல்லுங்கள்: திருநங்கை என்றாலே கைதட்டுகிற மாதிரிதான் வரைய வேண்டுமா? மகளுக்குத் தலை பின்னிவிடுகிற கையாக வரையலாமே.

பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பதிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். சிலர் வரத்தான் செய்வார்கள். அதற்காக அச்சுக்கு முன்பே கதையை மடக்கி வைக்காதீர்கள். கைப்பிரதியாகவே அனுப்புங்கள். பிள்ளைகளிடம் படித்துக் காட்டி, எந்தப் பக்கத்தில் சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அடிவாரத்துக் கதைசொல்லி