சுறாக் குளத்தில் இறங்குவோர் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். இத்தகைய குளங்களில் விடும் பானட்ஹெட் சுறா சுமார் 1 மீட்டர்தான். நண்டு, இறால் தின்னும் ரகம். படுத்துவது சுறா அல்ல, கண்ணையும் மூக்கையும் மூடும் நீச்சல் மாஸ்க்.

பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தும் ஒட்டி நின்றால் அளவு சரி. சிலிக்கான் விளிம்புக்கடியில் நாலு முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரர்களுக்குத் தீராத தொல்லை. மூக்கை ஒட்டிக் கொஞ்சம் கத்தரித்தால் குறையும். கசிகிறதே என்று பட்டையை இறுக்காதீர்கள், விளிம்பு மடங்கி இன்னும் கசியும்.

வாயில் கவ்வி மூச்சு விடும் குழாயில் தண்ணீர் புகுந்தால் 'பூ'வென்று ஒரே ஊதாக ஊதித் தள்ளுங்கள். உப்புநீர் தாங்கும், காலை உதைக்காமல் மிதங்கள். உதைத்தால் சுறா ஒதுங்கிவிடும். மோதிரம், சங்கிலி கழற்றி, சன்ஸ்கிரீனைக் கழுவிவிட்டு இறங்குங்கள்.